வாடகை வண்டியா, பஸ் வண்டியா?
கண்டிக் குடும்பங்களின் பிரயாணக் கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசிக்கும் பருப்புக்கும் இவ்வாக்கைத் தவறாது கடைப்பிடிக்கும் நம் இல்லங்களில், பிரயாணச் செலவை மாத்திரம் எவரும் அளந்து பார்ப்பதில்லை. கடைக் கணக்கு, பாற் கணக்கு, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் ஆகியவற்றை மாதந்தோறும் கொப்பியில் எழுதிவைக்கும் இல்லத்தரசி, சந்தையிலிருந்து திரும்புகையில் முச்சக்கர வண்டிச் சாரதியிடம் கொடுத்த 300 ரூபாயை எழுதுவதில்லை. கணவர் காரியாலயத்துக்குப் பிந்திவிட்ட நாளிற் கொடுத்த கூலியும் எழுதப்படுவதில்லை. மாத முடிவில் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி எழும்போது பழி காய்கறியின் மேல் விழுகிறது.

வாடகை வண்டி விலை கூடியதா, குறைந்ததா என்று கேட்டால், ஒரே சொல்லில் விடை கூறல் இயலாது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், மாதத்தில் எத்தனை முறை ஏறுகிறார்கள், அவர்கள் வீட்டு வாசலுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே அதைச் சொல்லலாம். மூன்றாவது வினாவே மிக முக்கியமானது. கண்டி நகரிலும் அதன் சூழலிலும் வாழும் குடும்பங்களை முன்வைத்து இக்கணக்கை இங்கு ஆராய்வோம்.

மலைக்கு இடையே ஒரு நகரம்

கண்டி ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். மகாவலி கங்கை அதைப் பெரும்பாலும் வளைத்து ஓடுகிறது. ஹந்தானையும் பஹிரவகந்தையும் ஏனைய குன்றுகளும் சுற்றிலும் நிற்கின்றன. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர ஆகிய திசைகளிலிருந்து வரும் வாகனங்களெல்லாம் சில வீதிகள் வழியாகவே நகருக்குள் நுழைதல் வேண்டும். பகைவரைத் தடுப்பதற்கு மன்னர் விரும்பிய இந்த அமைப்பு, இன்று காலை ஏழு மணிக்குப் பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் தடுத்து நிறுத்துகிறது. திரித்துவக் கல்லூரி, தர்மராஜ கல்லூரி, மகாமாயா மகளிர் கல்லூரி முதலிய பெரிய பாடசாலைகள் பல நகருக்கு உள்ளேயோ அதன் ஓரத்திலோ இருப்பதால், பாடசாலை தொடங்கும் வேளையிலும் கலையும் வேளையிலும் வண்டிகள் ஆமை வேகத்தில் ஊர்வதைக் காணாதவர் இலர். 1998 ஜனவரியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதும் பலருடைய வழியைச் சுற்றுவழியாக்கிற்று. வழி நீண்டால் வாடகையும் நீளும்.

மேட்டு நிலத்தில் குடியிருப்போருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அம்பிட்டி, அனிவத்தை, பஹிரவகந்தை முதலிய இடங்களில் வாழ்பவர், காலையில் வெறுங்கையோடு இறங்கி வருவது சுலபம். மாலையில் மரக்கறிப் பையும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஏந்தி ஏறுவதே கடினம். ஆகையால் இறங்கும்போது கால்நடையாகவும் ஏறும்போது முச்சக்கர வண்டியிலும் செல்லும் வழக்கம் பல குடும்பங்களில் தானாகவே ஏற்பட்டிருக்கிறது. இதனாற் செலவு பாதியாகக் குறைகிறது. உடலுக்கும் நன்மை உண்டாகிறது.

சக்கரங்கள் வந்த வரலாறு

இந்நகரத்துக்குச் சக்கரங்கள் எவ்வாறு வந்தன என்பதைச் சிறிது நோக்குதல் நன்று. ஏனெனில், யார் எங்கே எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள் என்பதை அந்த வரலாறே இன்றும் தீர்மானிக்கிறது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிகள் செல்லத்தக்க பெருவீதி 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைக்கப்பட்டது. அவ்வேலையில் ஈடுபட்ட கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தை இன்றும் பிரயாணிகள் காணலாம். 1832இல் இவ்வீதியில் தபால் குதிரை வண்டிச் சேவை தொடங்கியது. பின்னர் கோப்பிப் பயிர் மலைநாட்டில் பரவியபோது, மூட்டைகளை ஏற்றிய மாட்டுக் கரத்தைகள் இவ்வழியே கொழும்பை நோக்கி நகர்ந்தன. அவற்றுக்குப் பதிலாகவே புகையிரதம் வந்தது. கண்டிக்கு அது 1867இல் வந்து சேர்ந்தது. அதே 1867ஆம் வருடத்தில் தெல்தோட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டினார். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஆயினும் பாதைகளின் நோக்கம் மாறவில்லை. கொழுந்து தொழிற்சாலைக்குப் போகவும், தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்குப் போகவும் பாதை வேண்டும். தொழிலாளி சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகப் பாதை வேண்டுமென்று எவரும் திட்டமிடவில்லை. இக்கருத்தை வாசகர்கள் மனத்திலிருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

பஸ் வண்டிகளை நடத்தியவை முதலில் தனியார் கம்பெனிகள். 1958 ஜனவரி 1ஆந் திகதி அவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1979இல் தனியார் பஸ் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. வாடகை மோட்டார் என்றதும் முற்காலத்தவர் மனக்கண்ணில் தோன்றுவது மொரிஸ் மைனர் கார். 1980களில் இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ் முச்சக்கர வண்டி பெருகியபோது அக்காரின் ஆட்சி ஓய்ந்தது. இந்நாட்டிற் பதிவு செய்யப்பட்ட முச்சக்கர வண்டிகள் இன்று 11 இலட்சத்துக்கும் அதிகமானவை. 2015 முதல் பிக்மி, ஊபர் ஆகிய நிறுவனங்கள் கைத்தொலைபேசி மூலம் வண்டி அழைக்கும் முறையைக் கொழும்பிற் புகுத்தின. அம்முறை பின்னர் கண்டிக்கும் வந்தது.

பஸ் வண்டியின் கணக்கு

கட்டணத்தை மாத்திரம் நோக்கினால் பஸ் வண்டிக்கு நிகரானது வேறொன்றில்லை. எனினும் அதுவும் நிலையான விலையுடையதன்று. 2021 இறுதியில் மிகக் குறைந்த பஸ் கட்டணம் 14 ரூபாய். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது அது படிப்படியாக உயர்ந்து, அவ்வருடம் ஜூலை 1ஆந் திகதி 40 ரூபாயாயிற்று. பின்னர் இறங்கி, 2024 ஒக்டோபரில் 27 ரூபாயில் நின்றது. அரிசியின் விலை ஏறியதைப் பற்றி அக்காலத்திற் பேசாத வீடில்லை. ஆறு மாதத்தில் பஸ் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்கானதைக் கணக்கெழுதிப் பார்த்த வீடுகள் சிலவே.

மாணவர்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை சலுகை விலையிற் பருவகாலச் சீட்டு வழங்குகிறது. 'சிசு சரிய' என்னும் பாடசாலைப் பஸ் சேவையும் உண்டு. பருவகாலச் சீட்டு சபையின் பஸ் வண்டிகளில் மாத்திரமே செல்லும். தனியார் பஸ்ஸில் அதைக் காட்டிப் பயனில்லை. சபை பஸ் அடிக்கடி வரும் பாதையில் வசிக்கும் மாணவனுக்கு அச்சீட்டு பெரும் வரப்பிரசாதம். ஒரு பஸ் போனால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டிய பாதையில் வசிப்பவனோ சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தனியார் பஸ்ஸுக்கும் காசு கொடுக்கிறான். எனவே சீட்டு வாங்குமுன் அப்பாதையிலே காலையிலும் மாலையிலும் சபை பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளல் நலம்.

தலைக்கணக்கு

இனி முச்சக்கர வண்டிக்கு வருவோம். இங்கு தரும் தொகைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் பகுதியில் அன்றன்று நிலவும் தொகையை இட்டு மாற்றிக்கொள்ளலாம், வழி ஒன்றே.

பேராதனையிலிருந்து கண்டி நகர் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். பஸ் கட்டணம் ஆளுக்கு 50 ரூபாய் என்றும், முச்சக்கர வண்டிக்கு ஒரு கிலோமீற்றருக்கு 100 ரூபாய் என்றும், வாடகைக் காருக்கு 120 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

தனி ஒருவர் பஸ்ஸிற் சென்றால் 50 ரூபாய். முச்சக்கர வண்டியில் 600 ரூபாய். பன்னிரண்டு மடங்கு. மூவர் சேர்ந்து சென்றால் பஸ்ஸில் 150 ரூபாய். வண்டிக்கு அதே 600 ரூபாய். வித்தியாசம் நான்கு மடங்காகக் குறைகிறது. நால்வர் செல்லவேண்டுமெனில் முச்சக்கர வண்டியின் கணக்குத் தலைகீழாகிறது. சட்டப்படி அதில் மூன்று பிரயாணிகளே ஏறலாம். ஆகவே இரண்டு வண்டிகள் வேண்டும், 1,200 ரூபாய். வாடகைக் காரோ 720 ரூபாயில் நால்வரையும் கொண்டு சேர்க்கும். பாட்டியும் பெற்றோரும் வளர்ந்த மகனுமாகக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் புறப்படும் குடும்பம், கார் என்றால் ஆடம்பரம் என்றெண்ணி இரண்டு முச்சக்கர வண்டிகளை அமர்த்துவதிற் சிக்கனம் யாதுமில்லை.

நாள்தோறும் செல்பவர் கணக்கு வேறு. மாதம் 20 நாட்கள் பாடசாலைக்குப் போய்வரும் மாணவனுக்குப் பஸ்ஸில் 2,000 ரூபாய் ஆகும். தனி வண்டியில் 24,000 ரூபாய் ஆகும். ஆகையாற்றான் நகரத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பாடசாலை வானை நாடுகின்றன. வான் என்பது வாடகைக் காரின் சொகுசையும் பஸ்ஸின் பங்கீட்டையும் ஒன்றாக்கிய ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு வீட்டார் ஒரே வண்டியின் செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆனால், விடுமுறை மாதத்துக்கும் கட்டணம் உண்டா, பிள்ளை நோயுற்ற நாட்களுக்குக் கழிவு உண்டா, ஏற்றும் பிள்ளைகளின் தொகை ஆசனங்களின் தொகைக்கு மேற்படாதிருக்குமா என்பவற்றை முதல் மாதத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளல் அவசியம். மூன்றாவதே மிக அவசியம். காசிற் குறைந்து ஆபத்திற் கூடிய பிரயாணத்தை மலிவென்று சொல்லலாகாது.

சாரதியின் பக்கம்

வாடகையைப் பற்றிப் பேசுவோர் சாரதியின் கணக்கையும் ஒரு முறை பார்த்தல் நியாயமாகும். 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் 92 ரக பெற்றோலின் விலை 177 ரூபாய். அவ்வருடம் ஜூன் மாத இறுதியில் அது 470 ரூபாய். விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. வரிசையில் இரவு பகலாக நின்றார்கள். ஜூலை மாதத்திற் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது, முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றரே ஒதுக்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுமென்று கொண்டால் 125 கிலோமீற்றர். அதில் ஆளின்றித் திரும்பி ஓடிய தூரமும் அடங்கும். குத்தகைத் தவணையையும், பிள்ளைகளின் சோற்றையும் அந்த 125 கிலோமீற்றரிலிருந்தே எடுத்தாகவேண்டும். அம்முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆயினும் அக்காலத்திற் பட்ட கடன் பல வீடுகளில் உடனே நீங்கிவிடவில்லை.

பிரயாணி கொடுக்கும் வாடகையில் எண்ணெய், தவணை, ரயர், பழுதுபார்த்தல், காத்திருக்கும் மணிகள், வெறுமையாய்த் திரும்பும் தூரம் ஆகிய ஆறு பங்குகள் உண்டு. ஆறாவது பங்கே பிணக்குக்குக் காரணமாவது. நகரின் மத்தியிற் கொண்டுபோய் இறக்கினால், அங்கேயே அடுத்த பிரயாணி கிடைப்பார். மலையுச்சியில் இறக்கினால் வெறும் வண்டியோடு திரும்பவேண்டும். ஆகையாற் சாரதி திரும்பும் வழிக்கும் சேர்த்துக் கேட்கிறார். இது பேராசை என்று கொள்ளற்க, கணக்கே அப்படி. மீற்றர் உள்ள வண்டியிலும் கைத்தொலைபேசி மூலம் அழைத்த வண்டியிலும் இப்பிணக்குக் குறைவு. மற்றவற்றில், ஏறுமுன் தொகையைப் பேசிக்கொள்ளலே இரு பக்கத்துக்கும் மரியாதை. இறங்கிய பின் தெருவில் நின்று வாதாடுவது இருவருக்கும் அழகன்று.

சொந்த வண்டி மலிவானதா?

'மாதந்தோறும் இவ்வளவு வாடகை கொடுப்பதிலும் சொந்தமாக ஒரு கார் வாங்கிவிடலாம்' என்ற பேச்சு நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டபோது அப்பேச்சு மேலும் ஓங்கிற்று. உயர்வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே செய்துபார்க்கலாம்.

ஒரு காரின் விலை 60 இலட்சம் ரூபாய் எனக் கொள்வோம். அத்தொகையை வங்கியில் இட்டு வருடத்துக்கு 8 வீத வட்டி பெற்றால் மாதம் 40,000 ரூபாய் வரும். கார் வாங்கியவர் இதை மாதந்தோறும் இழக்கிறார். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், பராமரிப்பு, ரயர், தரிப்பிடக் கட்டணம் ஆகியவற்றுக்கு மாதம் 15,000 ரூபாய் வைப்போம். எனவே காரை வீட்டு முற்றத்தில் அசையாமல் நிறுத்திவைத்தாலும் மாதம் 55,000 ரூபாய் செலவு. பொருளியலார் இதனை நிலையான செலவு என்பர். ஓடினால் ஆகும் எண்ணெய், கிலோமீற்றருக்கு 25 ரூபாய் என்போம். இது மாறுஞ் செலவு.

வாடகைக் காருக்குக் கிலோமீற்றருக்கு 120 ரூபாய். சொந்தக் காரில் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் மிஞ்சுவது 95 ரூபாய். 55,000த்தை 95ஆற் பிரித்தால் ஏறத்தாழ 580 வரும். மாதம் 580 கிலோமீற்றர், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 19 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் குடும்பத்துக்கே சொந்தக் கார் இலாபம். அதற்குக் குறைவாக ஓடுபவருக்கு வாடகை வண்டியே மலிவு. காரின் விலை வருடந்தோறும் தேய்வதை இதிற் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும். ஆகவே, கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வைத்தியரிடமும் மாத்திரம் செல்லும் குடும்பம், மாதம் 20,000 ரூபாயை வாடகைக்கென்று கொப்பியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வேண்டியபோதெல்லாம் கௌரவமாகக் காரிற் போய்வரலாம். கடன்பட்டு வாங்குவோர் வங்கி வட்டிக்குப் பதிலாகக் குத்தகை வட்டியை இட்டுப் பார்க்கட்டும். அது மேலும் உயர்ந்தது.

தூரப் பிரயாணம்

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர். புகையிரதச் சேவை ஒழுங்காக நடைபெறும் நாட்களில் தனிப் பிரயாணிக்கு அதுவே மலிவும் மனத்துக்கு இதமும் ஆகும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் மலைகள் சரிந்து, மலைநாட்டின் இரும்புப் பாதைகளும் வீதிகளும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டபோது, அப்பாதைகளின் அருமையை யாவரும் உணர்ந்தனர்.

நீண்ட வழிக்கு வான் அமர்த்தும் சந்தர்ப்பங்களுட் பெரியது கட்டுநாயக்க விமான நிலையப் பிரயாணம். வெளிநாடு செல்லும் மகனை வழியனுப்பப் பத்துப் பேர் புறப்படுகையில், தலைக்கணக்கின்படி ஆளுக்கு விழும் வான் செலவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மகன் தனியே செல்ல அதே வானை அமர்த்தினால், அதே தொகை ஒருவன் தலையில் விழுகிறது. ஒரே இரவிற் புறப்படும் அயலூர்ப் பிரயாணி இருவர் சேர்ந்தாலே செலவு பாதி.

எசல பெரஹரா இரவுகளிலோ எக்கணக்கும் செல்லாது. மாலையில் நடுநகர வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும்போது, நகரத்துக்கு வெளியே இறங்கி நடப்பவரே முதலிற் போய்ச் சேர்கிறார்.

பஸ் போகாத ஊர்

இதுவரை நாம் கூறியது பஸ் வீதியின் ஓரத்தில் வாழ்வோரின் கணக்கு. இனி, முன்னர் மனத்திலிருத்தச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

தோட்டத்துப் பாதை தொழிற்சாலையை நோக்கி ஓடும் பாதை. தொழிலாளர் வாழும் லயங்கள் பல, பஸ் செல்லும் பெருவீதியிலிருந்து மூன்று, நான்கு, ஐந்து கிலோமீற்றர் உள்ளே, மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சந்தியிலிருந்து கண்டிக்கு 20 கிலோமீற்றர் பஸ்ஸிற் செல்ல 100 ரூபாய் ஆகுமென்று வைத்துக்கொண்டால், லயத்திலிருந்து சந்திக்கு வரும் 5 கிலோமீற்றருக்கு முச்சக்கர வண்டி 500 ரூபாய் கேட்கும். கல்லும் குழியுமான பாதையெனில், வெறுமையாய்த் திரும்பும் வழியையும் சேர்த்து 1,000 ரூபாயும் கேட்கலாம். பெருந்தூரம் மலிவு, சிறுதூரம் பன்மடங்கு. நகரத்து உத்தியோகத்தர் வாடகை வண்டியில் ஏறுவது சௌகரியத்துக்காக. தோட்டத்துத் தாய் ஏறுவது வேறு வழி இல்லாமையினால். வருவாய் குறைந்தவரே ஒரு கிலோமீற்றருக்கு அதிக விலை கொடுக்கிறார் என்பதே இக்கணக்கில் நாம் கண்ட கசப்பான உண்மை.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நள்ளிரவிற் குழந்தைக்கு வலிப்புக் காண்கிறது. 25 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். போகவும் வரவும் 50 கிலோமீற்றர், 5,000 ரூபாய். அச்சம்பளத்தின்படி நான்கு நாள் உழைப்புக்குச் சற்றே குறைந்த தொகை ஓர் இரவிற் போய்விடுகிறது. கையில் அத்தொகை இல்லாதவர் விடியும்வரை காத்திருக்கிறார். விடியும்வரை காத்திருக்கும் நோய்களும் உண்டு, காத்திராத நோய்களும் உண்டு.

ஆகையால் ஒரு செய்தியை இங்கு அழுத்திச் சொல்லல் நமது கடமை. 2016இல் இந்திய உதவியோடு ஆரம்பித்துப் பின்னர் நாடெங்கும் விரிந்த 'சுவசரிய' அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவசர நோயாளிக்கு வண்டி தேடுமுன் இவ்விலக்கத்தையே முதலில் அழைத்தல் வேண்டும். இதை அறியாத வீடுகள் இன்னும் உண்டு. இதை வாசிக்கும் மாணவர்கள் தத்தம் அயல் வீடுகளில் இவ்விலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால், அதுவே ஒரு தருமம். அம்புலன்ஸ் போகும் வழிக்கே உதவும். குணமாகித் திரும்பும் வழிக்குச் செலவு குடும்பத்தினுடையதே. அதற்கென்று மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு லயத்தார் பொதுவிற் சேர்த்துவைத்தால், இருபது குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. சீட்டுப் பிடித்துப் பழகிய நம்மவருக்கு இது புதிய வித்தையன்று.

பிள்ளைகளின் படிப்பும் இக்கணக்கிற் சிக்கியிருக்கிறது. உயர்தர விஞ்ஞான வகுப்புக்காக நகரத்துக்கு வரும் தோட்டப் பிள்ளை, பஸ்ஸுக்காக அன்று. பஸ்ஸைப் பிடிக்கும் சந்திக்கு வருவதற்காகவே அதிகம் செலவழிக்கிறது. மழை நாட்களில் நம் வகுப்பறையிற் காலியாகும் ஆசனங்கள் எவருடையவை என்பதைக் கவனித்தால், அவை பெரும்பாலும் தூரத்துச் சந்திகளிலிருந்து வருவோருடையவை. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுமுன், அவர்கள் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம்வரை ஒரு முறை நடந்துபார்த்தல் ஆசிரியர்களாகிய எமக்கும் பயன் தரும்.

செய்யத்தக்கவை

குடும்பங்கள் செய்யத்தக்கவை சில. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு பிரயாணத்தையும் கொப்பியில் எழுதுக: எங்கே, எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை நிமிடம் காத்திருந்தது என நான்கு நிரல்கள் போதும். மாத முடிவில், தவிர்த்திருக்கக்கூடிய வாடகை எது, தவிர்க்க முடியாதது எது என்று கோடிட்டுப் பார்க்கலாம். பிந்தி எழுந்ததனாற் கொடுத்த வாடகை முதலினத்தைச் சேர்ந்தது. நோயாளிக்கும் இரவில் தனியே வரும் பெண்ணுக்கும் கொடுத்தது இரண்டாம் இனத்தது. அதிற் கை சுருக்குதல் கூடாது. ஒரே திசைக்குச் செல்லும் அயலவர் மூவர் சேர்ந்தால் வண்டியின் விலை மூன்றிலொன்றாகும் என்பதையும் மறவாதிருப்போம்.

அதிகாரிகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தோட்டத்துச் சந்திகளிலிருந்து உள்ளே செல்லும் அந்த நான்கைந்து கிலோமீற்றருக்கு, காலை ஒன்றும் மாலை ஒன்றுமாகச் சிறிய பஸ் வண்டிகளை ஓடவிட்டால், அவை இலாபம் தராதிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் மாதம் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சும். பிள்ளைகளின் ஆசனங்களும் வெறுமையாகமாட்டா. தேயிலைப் பெட்டிக்காக மலையைக் குடைந்து இரும்புப் பாதை போட்ட நாட்டில், பிள்ளைகளுக்காக ஐந்து கிலோமீற்றர் பஸ் ஓட்டுவது பெரிய காரியமன்று. பெற்றோரும் ஆசிரியரும் பிரதேச சபை உறுப்பினரிடம் இதனை எழுத்திற் கேட்டல் வேண்டும். கேட்கும்போது மேற்கூறிய நான்கு நிரற் கொப்பியையும் உடன் கொண்டுசெல்லட்டும்.